டிஆர்என்ஏ-வுக்குத் தன் அமினோ அமிலம் எதுவென்று எப்படித் தெரிகிறது?

பொருநை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூவிலிருந்தே மனதில் நிற்கும் சந்தேகம் இது.

புரத உற்பத்திப் பாடத்தில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஒரே படம்தான். மரபணுச் செய்தியின் நகலான எம்ஆர்என்ஏ நீளமாகக் கிடக்கிறது, அதன்மேல் புரதம் கட்டும் ரைபோசோம் நகர்கிறது, புரதத்தின் அலகான அமினோ அமிலங்களைச் சுமக்கும் டிஆர்என்ஏ ஒவ்வொன்றாக வந்து சேர்கிறது. டிஆர்என்ஏ-வின் ஒரு முனையில், எம்ஆர்என்ஏ-வின் மூன்றெழுத்துக் கோடானோடு ஜோடி சேரும் ஆன்ட்டிகோடான், மறுமுனையில் அமினோ அமிலம். கோடானும் ஆன்ட்டிகோடானும் சேர்வது புரிகிறது. ஆர்என்ஏ-வின் நான்கு எழுத்துகளில் ஏ-வுக்கு யூ, ஜி-க்கு சி, அவ்வளவுதானே. ஆனால் மறுமுனையில் இருக்கும் அமினோ அமிலம் சரியானதுதான் என்று யார் பார்க்கிறார்கள்? இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. "டிஆர்என்ஏ தனக்குரிய அமினோ அமிலத்தைக் கொண்டுவருகிறது" என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. தனக்குரியது எதுவென்று அதற்கு எப்படித் தெரியும்?

---

மலைத்தேன் எழுதியது:

ஆன்ட்டிகோடானின் மூன்று எழுத்துகள் சேர்ந்து ஒரு குழிபோல அமையும், அந்தக் குழிக்குள் பொருந்தும் அமினோ அமிலம் மட்டும் ஒட்டும் என்றுதான் நான் புரிந்துவைத்திருக்கிறேன். பூட்டு, சாவி மாதிரி. தவறென்றால் சொல்லுங்கள்.

---

கண்ணாடிக்குடுவை எழுதியது:

மலைத்தேன், நீங்கள் சொல்வது உண்மையிலேயே ஒரு காலத்தில் பெரிய ஆட்கள் யோசித்த வழிதான். 1954-இல் இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவ் டிஎன்ஏ-வின் இழைகளுக்கு நடுவே உள்ள குழிகளில் அமினோ அமிலங்கள் நேரடியாகப் பொருந்தி வரிசையாக நிற்கும் என்றார். டிஎன்ஏ-வின் உருவத்தைக் கண்டவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்குக்கு அது ஏற்கவில்லை. லூசின், வேலின் போன்ற அமினோ அமிலங்களின் பக்கத்தொகுதி எண்ணெய்த்தன்மை கொண்டது, நீரோடு ஒட்டாது. நியூக்ளிக் அமிலத்தின் எழுத்துகள் ஹைட்ரஜன் பிணைப்புக்குத் தோதானவை. இரண்டுக்கும் நேரடிப் பொருத்தம் வர வழியில்லை என்று அவர் நினைத்தார். 1955-இல் நண்பர்கள் வட்டத்துக்குள் சுற்றுக்கு விட்ட ஒரு குறிப்பில், நடுவே ஒரு சின்ன இணைப்பு மூலக்கூறு இருக்கவேண்டும் என்று எழுதினார். அது ஒரு பக்கம் எம்ஆர்என்ஏ போன்ற அச்சைப் படிக்கும், மறுபக்கம் அமினோ அமிலத்தைச் சுமக்கும். அப்போது அப்படியொன்றை யாரும் கண்டதில்லை. வெறும் தர்க்கத்தை வைத்தே இதைச் சொன்னார்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பால் ஜமெக்னிக்கும் மாலன் ஹோக்லண்டும் எலியின் கல்லீரலை அரைத்து, செல் இல்லாமலே புரதம் உண்டாகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலம் முதலில் ஒரு சிறிய, கரையும் ஆர்என்ஏ-வில் ஒட்டிக்கொள்வதையும், பிறகு அங்கிருந்து புரதத்துக்குப் போவதையும் பார்த்தார்கள். கிரிக்கின் குறிப்பை அவர்கள் பின்னாளில்தான் அறிந்தார்கள். அந்தக் கரையும் ஆர்என்ஏ-தான் இன்று நாம் டிஆர்என்ஏ என்பது.

இப்போது பொருநையின் கேள்வி. நேரான பதில்: டிஆர்என்ஏ-வுக்குத் தெரியாது. ரைபோசோமுக்கும் தெரியாது. தெரிந்தது அமினோஅசைல் டிஆர்என்ஏ சிந்தடேஸ் என்ற நொதிக்கு மட்டும்தான். பெரும்பாலான உயிர்களில் இருபது அமினோ அமிலங்களுக்கு இருபது சிந்தடேஸ்கள். ஒவ்வொன்றும் ஒருகையில் தன் அமினோ அமிலத்தையும் மறுகையில் அதற்குரிய டிஆர்என்ஏ-வையும் அடையாளம் கண்டு இரண்டையும் இணைக்கிறது. மரபுக் குறியீட்டு அட்டவணை என்று சுவரில் மாட்டியிருப்பதை நடைமுறையில் செயல்படுத்துவது இந்த இருபது நொதிகள்தான். பாடப்புத்தகம் அதை "டிஆர்என்ஏ ஊக்குவிக்கப்படுதல்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு, ஏனென்றால் மொழிபெயர்ப்பு நடக்கும் இடமே அதுதான்.

---

மலைத்தேன் எழுதியது:

சரி, ஏற்றிவிடுவது சிந்தடேஸ். ஆனால் ரைபோசோம் இவ்வளவு பெரிய இயந்திரம். தவறான அமினோ அமிலத்தோடு ஒரு டிஆர்என்ஏ வந்தால் அதுவும் கண்டுபிடிக்காதா? இரண்டாவது சோதனை ஒன்று இல்லாமலா இருக்கும்?

---

வேதிவாத்தியார் எழுதியது:

இந்தக் கேள்விக்கு 1962-இல் ஒரு சோதனை பதில் சொல்லிவிட்டது தம்பி. பள்ளியில் வேதியியல் எடுத்தவன் என்பதால் எனக்கு இது மிகப் பிடித்த சோதனை.

சிஸ்டீனில் கந்தகம் உண்டு. அந்தக் கந்தகத்தை மட்டும் நீக்கினால் மிச்சம் நிற்பது அலனின். ரேனி நிக்கல் என்றொரு பொருள் இருக்கிறது, கரிமச் சேர்மங்களிலிருந்து கந்தகத்தைப் பிடுங்குவதற்குப் பயன்படுத்துவோம். ஷாப்வில், லிப்மன், பென்சர் முதலானோர் செய்தது இதுதான். முதலில் சிஸ்டீனுக்குரிய டிஆர்என்ஏ-வில் முறைப்படி சிஸ்டீனை ஏற்றினார்கள். அப்புறம் ரேனி நிக்கலோடு கலந்தார்கள். டிஆர்என்ஏ அப்படியே இருக்க, அதன்மேல் இருந்த சிஸ்டீன் அலனினாக மாறிவிட்டது. சிஸ்டீனின் டிஆர்என்ஏ, ஆனால் சுமப்பது அலனின்.

யூ, ஜி இரண்டு எழுத்துகள் மட்டுமே கொண்ட செயற்கை ஆர்என்ஏ-வை அச்சாகக் கொடுத்தார்கள். அதில் யூஜியூ என்ற சிஸ்டீன் கோடான் வரும். அலனினுக்கு ஜிசி-யில் தொடங்கும் கோடான் வேண்டும், சி-யே இல்லாத அச்சில் அது வர வழியில்லை. அப்படியும் புரதத்தில் அலனின் போய் உட்கார்ந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ரைபோசோம் திறந்து பார்ப்பதில்லை, மேலே ஒட்டிய சீட்டை மட்டும் படிக்கிறது.

---

பொருநை எழுதியது:

சார், இந்தச் சோதனை எங்கள் பாடத்திட்டத்தில் இல்லவே இல்லை! ரொம்ப நன்றி.

அப்படியென்றால் முழுப் பொறுப்பும் சிந்தடேஸ் தலையில்தான். ஆனால் ஐசோலூசினும் வேலினும் ஒரே ஒரு சிஹெச்2 தொகுதியில்தானே வேறுபடுகின்றன? ஐசோலூசினுக்கான சிந்தடேஸின் குழிக்குள் அதைவிடச் சின்னதான வேலின் எளிதாக நுழைந்துவிடுமே?

---

கண்ணாடிக்குடுவை எழுதியது:

நுழையும். வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1950-களிலேயே இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த ஒரு தொகுதி தரும் பிணைப்பு ஆற்றலை மட்டும் நம்பினால் தவறு மிக அடிக்கடி நடக்கவேண்டும். ஆனால் புரதங்களில் அளந்தபோது ஐசோலூசின் இருக்கவேண்டிய இடத்தில் வேலின் வருவது ஏறத்தாழ 3000-க்கு ஒன்றுதான்.

விடை, ஐசோலூசின் சிந்தடேஸுக்கு இரண்டு அறைகள். முதல் அறையில் ஐசோலூசினைவிடப் பெரியவை நுழைய முடியாது. நுழைந்ததை, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி-யைச் செலவழித்து, டிஆர்என்ஏ-வில் அமினோ அமிலம் ஏறும் சிசிஏ முனையில் இணைக்கிறது. பிறகு அந்த முனை, 30 ஆங்ஸ்ட்ராமுக்கும் அதிகத் தொலைவில் இருக்கும் இரண்டாவது அறைக்கு வளைந்து போகிறது. அந்த அறை ஐசோலூசின் நுழைய முடியாத அளவு சிறியது, வேலின் நுழையலாம். நுழைந்தால் வெட்டி வெளியேற்றப்படும். பெரியதை முதல் அறையும் சிறியதை இரண்டாவது அறையும் கழிக்கின்றன. 1977-இல் ஆலன் ஃபெர்ஷ்ட் இந்த விளக்கத்தை முன்வைத்தார், பின்னர் நொதியின் முப்பரிமாண அமைப்பு கிடைத்தபோது இரண்டு அறைகளும் கண்முன்னே தெரிந்தன.

இந்தத் திருத்தம் கொஞ்சம் தளர்ந்தாலே என்ன ஆகும் என்பதற்கு ஒரு எலி வகை இருக்கிறது. அதில் அலனின் சிந்தடேஸின் திருத்தும் பகுதியில் ஒரே ஒரு மாற்றம். அலனினுக்குப் பதில் செரின் எப்போதாவது ஏறிவிடுகிறது. அந்த எலிகளுக்குச் சிறுமூளையின் புர்கிஞ்சே என்ற நரம்பு செல்கள் அழிந்து நடை தள்ளாடுகிறது. உரோமமும் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக் கிடக்கும். 2006-இல் வெளியானது.

---

செம்பருத்தி எழுதியது:

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். தோலில் புண், சிறுகட்டிக்கு எழுதித்தரும் மூபிரோசின் களிம்பு இதே ஐசோலூசின் சிந்தடேஸைத்தான் அடைக்கிறது, தெரியுமா? பாக்டீரியாவின் நொதியை மட்டும் பிடிக்கும், நம்முடையதை அந்த அளவுக்குப் பிடிக்காது. ஐசோலூசின் ஏறிய டிஆர்என்ஏ கிடைக்காமல் பாக்டீரியாவின் புரத உற்பத்தி நின்றுவிடும். இதையும் ஒரு பாக்டீரியாவிலிருந்துதான் எடுக்கிறார்கள், சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ்.

டெட்ராசைக்ளினும் டிஆர்என்ஏ சங்கதிதான், ஆனால் இடம் வேறு. ஏற்றப்பட்ட டிஆர்என்ஏ ரைபோசோமில் முதலில் வந்து அமரும் ஏ இடத்தில் உட்காரவிடாமல் தடுக்கும்.

---

மலைத்தேன் எழுதியது:

இன்னொரு பாதி விட்டுப்போச்சு. சிந்தடேஸ் அமினோ அமிலத்தை எப்படி அடையாளம் காண்கிறது என்று சொன்னீர்கள். டிஆர்என்ஏ-வை எப்படி அடையாளம் காண்கிறது? ஆன்ட்டிகோடானைப் பார்த்துத்தானே?

---

கண்ணாடிக்குடுவை எழுதியது:

பல சிந்தடேஸ்கள் ஆன்ட்டிகோடானைப் பார்க்கின்றன. எல்லாமும் அல்ல. இதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே அதிகம் ஆச்சரியம் தந்த விஷயம், ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் உருவம். புத்தகத்தில் வரும் குளோவர் இலைப் படம் தாளில் வரைவதற்கான வசதி. ராபர்ட் ஹாலி கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஈஸ்ட்டின் அலனின் டிஆர்என்ஏ-வின் எழுத்து வரிசையை 1965-இல் வெளியிட்டபோது வந்த படம் அது. எந்த நியூக்ளிக் அமிலத்துக்கும் முழு வரிசை கிடைத்தது அதுவே முதல்முறை. சுமார் 140 கிலோ ஈஸ்ட்டிலிருந்து ஒரு கிராம் தூய டிஆர்என்ஏ தேற்றி, அதைத் துண்டுதுண்டாக வெட்டி எழுத்துக் கூட்டினார்கள். 1968-இல் அவருக்கும் குரானாவுக்கும் நிரன்பெர்க்குக்கும் சேர்த்து நோபல். (குரானா அப்புறம் 1970-இல் அதே அலனின் டிஆர்என்ஏ-வின் மரபணுவை வேதிமுறையில் முழுதாகக் கட்டினார்.)

உண்மை உருவம் 1974 வாக்கில் தெரிந்தது. அமெரிக்காவில் அலெக்சாண்டர் ரிச், சுங்-ஹோ கிம் குழுவும், இங்கிலாந்தில் ஆரன் க்ளூக் குழுவும் ஈஸ்ட்டின் ஃபீனைல்அலனின் டிஆர்என்ஏ-வைப் படிகமாக்கிப் பார்த்தார்கள். ஆங்கில எல் எழுத்தைக் கவிழ்த்ததுபோல் இருக்கிறது. ஒரு நுனியில் ஆன்ட்டிகோடான், மறுநுனியில் அமினோ அமிலம் ஏறும் சிசிஏ. நடுவே ஏழு நானோமீட்டர் அளவுக்கு இடைவெளி. பொருநை முதலில் சொன்னது சரி, இரண்டும் தொடுவதே இல்லை.

எல்லா டிஆர்என்ஏ-வும் ரைபோசோமின் ஒரே இடத்தில் உட்கார்ந்தாக வேண்டும், ஆகவே எல்லாமே ஒரே உருவத்தில் இருந்தாக வேண்டும். ஆனால் சிந்தடேஸ் முன்னால் போகும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியவேண்டும். உருவத்தில் வித்தியாசம் காட்ட முடியாது, அங்கங்கே சில எழுத்துகளில்தான் காட்ட முடியும்.

1988-இல் யா-மிங் ஹௌவும் பால் ஷிம்மலும் காட்டியது இது. அலனின் சிந்தடேஸ் ஆன்ட்டிகோடானைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அமினோ அமிலம் ஏறும் தண்டில் 3-ஆம் இடத்து ஜி-யும் 70-ஆம் இடத்து யூ-வும் சேர்ந்த ஒற்றை ஜோடி. வழக்கமான ஜோடி அல்ல, ஜி-க்கு எதிரே சி இல்லாமல் யூ நிற்கிறது. அதுதான் அடையாளம். அந்த ஜோடியை மாற்றினால் அலனின் ஏறாது. அதே ஜோடியை சிஸ்டீன் டிஆர்என்ஏ-விலோ ஃபீனைல்அலனின் டிஆர்என்ஏ-விலோ வைத்தால், ஆன்ட்டிகோடான் என்னவாக இருந்தாலும் அதில் அலனின் ஏறுகிறது.

இதன் பொருளை நின்று யோசித்துப் பாருங்கள். கோடானைப் படிக்கும் மூன்று எழுத்துகளும், அலனினை வரவழைக்கும் அந்த ஜோடியும் ஒரே மூலக்கூறில் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. இந்தக் கோடானுக்கு இந்த அமினோ அமிலம் என்ற பந்தத்தை இரண்டையும் ஒரே உடலில் தாங்கும் டிஆர்என்ஏ பாதியும், அதைப் படித்து ஏற்றும் சிந்தடேஸ் மீதியும் காப்பாற்றுகின்றன.

---

வேதிவாத்தியார் எழுதியது:

அருமை. ஒரு சேர்க்கை. கோடான் 64-இல் மூன்று நிறுத்தக் கோடான் போக 61. ஆனால் 61 வகை டிஆர்என்ஏ தேவைப்படுவதில்லை. மூன்றாவது எழுத்தில் கொஞ்சம் நெகிழ்வு உண்டென்று 1966-இல் கிரிக் விளக்கினார். ஹாலி கண்ட அலனின் டிஆர்என்ஏ-வின் ஆன்ட்டிகோடானில் முதலெழுத்து இனோசின் என்ற மாறுபட்ட எழுத்து, கோடானின் மூன்றாவது எழுத்துக்கு எதிரே நிற்பது. அது யூ, சி, ஏ மூன்றோடும் ஜோடி சேரும். செல்லுக்கு ஆற்றல் தரும் நம் மைட்டோகாண்ட்ரியா 22 டிஆர்என்ஏ-க்களை வைத்தே குடும்பம் நடத்திவிடுகிறது.

---

செம்பருத்தி எழுதியது:

அந்த 22-இல் ஒன்றில் ஒரு எழுத்து மாறினாலும் நோய் வரும் சார். மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ-வில் 3243-ஆம் இடத்தில் ஏ-வுக்குப் பதில் ஜி என்றால் லூசின் டிஆர்என்ஏ ஒன்று பழுதாகிறது. அதனால் சிலருக்குச் சர்க்கரை நோயும் காது கேளாமையும் சேர்ந்து வரும். சிலருக்கு மூளையும் தசையும் பாதித்து, பக்கவாதம் போன்ற தாக்குதல்கள் வரும். தாய் வழியாக மட்டுமே இறங்கும்.

---

மலைத்தேன் எழுதியது:

வேதிவாத்தியார் சார், ரைபோசோம் சீட்டை மட்டும்தான் படிக்கிறது என்றீர்கள். அந்தச் சீட்டையாவது கவனமாகப் படிக்கிறதா? மூன்றே எழுத்து ஜோடி என்றால் இரண்டு மட்டும் பொருந்திய டிஆர்என்ஏ-வும் கொஞ்ச நேரம் ஒட்டுமே.

---

கண்ணாடிக்குடுவை எழுதியது:

ஒட்டும். ஆனால் நிலைக்காது. இதை விளக்கியது வெங்கி ராமகிருஷ்ணனின் கேம்பிரிட்ஜ் குழு. சிதம்பரத்தில் பிறந்தவர், 2009-இல் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோரோடு வேதியியல் நோபல் பெற்றவர். ரைபோசோமின் சிறிய துணை அலகில் 16எஸ் என்ற ஆர்என்ஏ-வின் 1492, 1493-ஆம் இடங்களில் இரண்டு அடினின்கள் (ஏ எழுத்துகள்) உண்டு. கோடானும் ஆன்ட்டிகோடானும் சேர்ந்ததும் அவை வெளியே புரண்டு வந்து அந்தக் குட்டிச் சுருளின் பள்ளத்தைத் தொட்டுப் பார்க்கின்றன. முதல் இரண்டு ஜோடிகளும் அசல் அளவில் இருந்தால்தான் அவை பொருந்தும். மூன்றாவது ஜோடியில் அத்தனை கண்டிப்பு இல்லை. சார் சொன்ன நெகிழ்வு அங்கேதான் இடம்பெறுகிறது.

பொருந்தினால் டிஆர்என்ஏ-வை அழைத்துவந்த ஈஎஃப்-டியூ என்ற புரதம் ஜிடிபி (GTP) என்ற ஆற்றல் மூலக்கூறை உடைத்துவிட்டு விலகும். அதன்பிறகும் டிஆர்என்ஏ முழுதாக உள்ளே திரும்பி அமர்வதற்குள் நழுவிப்போக இன்னொரு வாய்ப்பு உண்டு. பாக்டீரியாவில் நொடிக்குப் பதினைந்து, இருபது அமினோ அமிலம் சேரும் வேகத்தில் இத்தனையும் நடக்கிறது. பாரோமோமைசின் என்ற மருந்து அந்த இரண்டு அடினின்களையும் எப்போதும் வெளியே தள்ளி வைத்துவிடும், தவறான டிஆர்என்ஏ-வும் சரியானதுபோல் ஏற்கப்படும்.

நீங்கள் முன்பு கேட்ட இரண்டாவது சோதனைக்கும் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. ரைபோசோம் பார்ப்பதில்லை, ஈஎஃப்-டியூ கொஞ்சம் பார்க்கிறது. பல பாக்டீரியாக்களுக்கு குளூட்டமினுக்கான சிந்தடேஸ் கிடையாது. அவை குளூட்டமின் டிஆர்என்ஏ-வில் வேண்டுமென்றே குளூட்டமிக் அமிலத்தை ஏற்றி, பிறகு டிஆர்என்ஏ மேலேயே அதை குளூட்டமினாக மாற்றுகின்றன. மாறுவதற்கு முன் ரைபோசோமுக்குப் போய்விட்டால் விபரீதம். ஈஎஃப்-டியூ அந்த அரைகுறை ஜோடியைச் சரியாகப் பிடிக்காததால் போவதில்லை.

புரதங்களில் வரும் இடக்கை அமினோ அமிலத்துக்குப் பதில், அதன் கண்ணாடிப் பிம்பமான வலக்கை வடிவம் ஏறிவிட்டால் அதைக் கழற்றவும் தனி நொதி உண்டு, டிடிடி என்பார்கள். அது எப்படி இடக்கை வடிவத்தைத் தொடாமல் விடுகிறது என்பதை ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வு நிறுவனத்தில் ராஜன் சங்கரநாராயணன் குழு கண்டுபிடித்தது.

---

பொருநை எழுதியது:

ஒன்று உறுத்துகிறது. சிந்தடேஸ் ஒரு புரதம். புரதம் செய்ய டிஆர்என்ஏ-வில் அமினோ அமிலம் ஏறியிருக்க வேண்டும். ஏற்ற சிந்தடேஸ் வேண்டும். முதல் சிந்தடேஸ் எங்கிருந்து வந்தது?

---

கண்ணாடிக்குடுவை எழுதியது:

முடிந்த விடை யாரிடமும் இல்லை, ஆனால் வழி அடைபட்டும் இல்லை. அமினோ அமிலத்தை ஆர்என்ஏ-வில் ஏற்ற ஆர்என்ஏ-வாலேயே முடியும். 1990-களில் மைக்கேல் யாரஸின் ஆய்வகம் தன்மீது தானே அமினோ அமிலத்தை ஏற்றிக்கொள்ளும் ஆர்என்ஏ-க்களைத் தேர்ந்தெடுத்துக் காட்டியது. டோக்கியோவில் ஹிரோவாகி சுகாவின் குழு கிட்டத்தட்ட எந்த டிஆர்என்ஏ-விலும் விரும்பிய அமினோ அமிலத்தை ஏற்றும் ஒரு குட்டி ஆர்என்ஏ-வைச் செய்து, இன்று அதைக் கருவியாகவே பயன்படுத்துகிறார்கள். ரைபோசோமில் அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோக்கும் பெப்டைடு பிணைப்பு உண்டாகும் இடமும் ஆர்என்ஏ-தான் என்று 2000-இல் ஸ்டைட்ஸ் குழு காட்டிவிட்டது. ஆக, தொடக்கத்தில் ஆர்என்ஏ-வே ஏற்றி, ஆர்என்ஏ-வே இணைத்து, அப்படிப் பிறந்த எளிய புரதங்கள் பிறகு ஏற்றும் வேலையைக் கைப்பற்றியிருக்கலாம். நான் இந்தப் பக்கம் சாய்கிறவன்.

---

பொருநை எழுதியது:

கடைசிக் கேள்வி, சத்தியமாகக் கடைசி. சிஸ்டீனின் கந்தகத்துக்குப் பதில் செலினியம் கொண்ட செலினோசிஸ்டீனை 21-ஆவது அமினோ அமிலம் என்கிறார்கள். அதற்கும் ஒரு சிந்தடேஸ் உண்டா? அது பயன்படுத்தும் யூஜிஏ நிறுத்தக் கோடான் அல்லவா?

---

கண்ணாடிக்குடுவை எழுதியது:

எத்தனை வேண்டுமானாலும் கேள் தங்கை.

இல்லை, அதற்குச் சிந்தடேஸ் கிடையாது. செலினோசிஸ்டீனுக்கென்று தனி டிஆர்என்ஏ இருக்கிறது, ஆன்ட்டிகோடான் யூஜிஏ-வைப் படிக்கும். அதில் செரின் சிந்தடேஸ் வந்து செரினை ஏற்றுகிறது. பிறகு வேறு நொதிகள் டிஆர்என்ஏ மேலேயே செரினின் ஆக்சிஜனை எடுத்துவிட்டு செலினியத்தை வைக்கின்றன. ரேனி நிக்கலை வைத்து ஷாப்வில் குழு குடுவையில் செய்ததற்கு ஒப்பான ஒன்றை செல் தானாகவே செய்துகொள்கிறது.

யூஜிஏ சாதாரணமாக நிறுத்தம்தான். நிறுத்தக் கோடானுக்கு டிஆர்என்ஏ வராது, விடுவிப்புக் காரணி என்ற புரதம் வந்து சங்கிலியை அறுத்துவிடும். ஆனால் செலினோசிஸ்டீன் வேண்டிய எம்ஆர்என்ஏ-வில் கூடுதலாக ஒரு கொண்டைஊசி மடிப்பு இருக்கும். பாக்டீரியாவில் யூஜிஏ-வுக்கு அடுத்தே இருக்கும், மனிதரில் புரதமாக மாறாத வால்பகுதியில். ஈஎஃப்-டியூவுக்குப் பதிலாக இந்த டிஆர்என்ஏ-வுக்கென்று தனியே ஒரு காரணி இருக்கிறது, பாக்டீரியாவில் அதற்கு செல்பி என்று பெயர். அது மடிப்பின் உதவியோடு டிஆர்என்ஏ-வை யூஜிஏ-வில் கொண்டு சேர்க்கும். மனிதரில் இப்படி 25 புரதங்கள். குளூட்டதையோன் பெராக்சிடேஸ் அவற்றில் ஒன்று, உங்கள் இரண்டாம் ஆண்டு நொதிப் பாடத்தில் அது வரும்.